மொய் ஓட்டு

வைத்திலிங்கத்தின் பதிவு முதல் பந்திக்குப் போன அன்று மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தெருவில் யாராவது பார்த்து இரண்டு வார்த்தை பாராட்டமாட்டார்களா என்று காரணமே இல்லாமல் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். தஞ்சாவூர் வெயில் மண்டையைப் பிளந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அவருக்கு முகம் நிறையச் சிரிப்பு.

பந்தி என்பது அந்தத் தளத்தின் பெயர். வலைப்பூ எழுதுகிற அத்தனை தமிழர்களும் தங்கள் பதிவுகளை அங்கேதான் கொண்டுபோய்ப் பகிர்வார்கள். படித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு ஏற ஏறப் பதிவு மேலே போகும், உச்சியில் இருக்கும் பக்கத்துக்கு முதல் பந்தி என்று பெயர். ஒரு காலத்தில் இதெல்லாம் வேலையற்ற நேரத்து விளையாட்டாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஊரில் யார் எதைக் கேட்டாலும் கைபேசிகள் முதல் பந்திப் பதிவைத்தான் எடுத்து, ஒரு பெண்ணின் இனிய குரலில் பதிலாகச் சொல்கின்றன. காலையில் பாதி ஊர் முதல் பந்தியைக் கேட்டுக்கொண்டேதான் பல் விளக்குகிறது.

படித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள் என்றேனே, அது விதி. நடப்பு வேறு. வைத்திலிங்கத்தின் சொந்த ஊர்ப் பக்கம் மொய் விருந்து பிரசித்தம். அவன் எனக்குச் செய்தான், நான் அவனுக்குச் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் முகத்தில் முழிக்க முடியாது. அந்த வழக்கத்தைப் பதிவர்கள் அப்படியே பந்திக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். வைத்திலிங்கம் காலையில் காபி ஆறுவதற்குள் ஐம்பது பேருக்கு ஓட்டுப் போட்டு, ஐம்பது இடத்தில் "அருமை நண்பரே, ஓட்டுப் போட்டாச்சு" என்று எழுதிவிடுவார். அந்த ஐம்பது பேரும் சாயங்காலத்துக்குள் திருப்பிச் செய்துவிடுவார்கள். இதற்கு மொய் ஓட்டு என்றே பெயர். யாரும் யாரையும் படித்தது கிடையாது. படித்துக்கொண்டிருந்தால் வேலைக்கு எப்போது போவது? மனைவி அமிர்தவல்லியின் பெயரிலும் ஒரு கணக்கைத் தொடங்கி, அவளுக்கே தெரியாமல் அதிலிருந்தும் எல்லோருக்கும் மொய் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் ஒரு ஓட்டு இருக்கட்டுமே என்றுதான்.

முதல் பந்திக்குப் போன பதிவுக்குத் தலைப்பு "விளக்கு சொல்லும் சேதி". பழங்கிணற்றில் தூர்வார இறங்கும் முன் கயிற்றில் கட்டிய விளக்கை உள்ளே இறக்க வேண்டும், விளக்கு அணைந்தால் விஷக்காற்று, எரிந்தால் பயமின்றி இறங்கலாம், நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்லர் என்று உருக்கமாக எழுதியிருந்தார். வைத்திலிங்கம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி. இந்த விஷயத்தை டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

கீழே வழக்கமான "அருமை, அருமை"களுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. செம்மண் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியிருந்தார். "ஐயா, முழுவதும் படித்தேன். எங்கள் வயல் கிணறு அப்பா காலத்திலிருந்து மூடிக் கிடக்கிறது. நாளைக் காலை என் தம்பி இறங்குகிறான். நீங்கள் சொன்னபடியே விளக்கு இறக்கிப் பார்த்துவிடுகிறோம்." வைத்திலிங்கம் மெய்சிலிர்த்துப் போய் "வெற்றி நமதே!" என்று பதில் எழுதினார்.

அமிர்தவல்லி ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவளிடம் கைபேசியை நீட்டினார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். இத்தனை வருடத்தில் அவர் எழுதியதை அவள் முழுதாகப் படிப்பது அதுதான் முதல் தடவை.

"இதை யாரக் கேட்டுங்க எழுதுனீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"வெளக்கு எரிஞ்சா மூச்சு விடுறதுக்குக் காத்து இருக்குன்னு அர்த்தம். வெசம் இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. சாக்கடை வாயு இருந்தாலும் வெளக்கு பாட்டுக்கு எரியும். போன ஐப்பசியில மூணு பேரக் கொண்டாந்தாங்க. வெளக்கு எறக்கிப் பாத்துட்டுத்தான் எறங்குனாங்களாம். ஒருத்தன் எறங்கி எழுந்திரிக்கல, அவனத் தூக்கப் போனவன், அப்புறம் அவனத் தூக்கப் போனவன். மூணு பேரையும் நான்தான் தொடச்சுக் கட்டிக் குடுத்தேன்."

வைத்திலிங்கம் செம்மண் எழுதியதை அவளிடம் காட்டினார். "நாளைக் காலை" என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"அழிங்க. மொதல்ல அத அழிங்க."

அழிக்க முடியவில்லை. முதல் பந்திப் பதிவுகளுக்கு முத்திரை விழுந்துவிடும். முன்பு சிலர் நல்ல கட்டுரையைப் போட்டு ஓட்டு வாங்கி, மேலே போனதும் அதை அழித்துவிட்டு அதே இடத்தில் லேகிய விளம்பரத்தை வைத்துவிட்டார்கள். அதனால் எழுதியவரே தொடமுடியாது என்று ஆக்கிவிட்டது தராசு. தராசு என்பது பந்தியின் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரம்.

சரி, மறுப்பு எழுதுவோம் என்று உட்கார்ந்தார். "நான் எழுதியது தவறு. யாரும் இறங்காதீர்கள்" என்று எழுதி அனுப்பினார். கண் மூடித் திறப்பதற்குள் திரும்பி வந்தது. "இப்பதிவு முத்திரை பெற்ற தகவலுக்கு மாறாக உள்ளது. காவிரிக்கரையான் அவர்களின் வழக்கமான நடையும் இதில் இல்லை. உங்கள் கணக்கை வேறு யாரேனும் பயன்படுத்துகிறார்களா?" காவிரிக்கரையான் அவர் புனைபெயர். நான்தானய்யா எழுதினேன் என்று திரையைப் பார்த்துக் கத்தினார். செம்மண்ணுக்குப் பதிலாகவே எழுதிப் பார்த்தார், அதுவும் திரும்பியது. அவள் பெயரில் ரகசியமாக வைத்திருந்த கணக்கை ஒப்புக்கொண்டு திறந்து கொடுத்தார்; அதிலிருந்து அமிர்தவல்லி எழுதினாள், அதுவும் அப்படியே. தனிக்கடிதம் அனுப்பலாம் என்றால், தனிக்கடிதத்தில் ஓட்டுப் பிச்சை கேட்கிறார்கள் என்று அந்த வசதியையே என்றோ எடுத்துவிட்டார்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். "எந்த ஊருங்க?" என்று கேட்டார்கள், அவருக்குத் தெரியவில்லை. தான் இருந்த கைபேசிக் குழுக்களில் எல்லாம் எச்சரிக்கை போட்டார். குழுவில் இருந்தவர்கள் வரிசையாகக் கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

கடைசியில் நண்பன் கோவிந்தராசுவைப் பிடித்தார். சுக்குக்காப்பி என்ற பெயரில் எழுதுகிறவன், பந்தியில் செல்வாக்கானவன்.

"என் பதிவுக்குக் குடுத்த ஓட்டைத் திரும்ப எடுத்துக்க கோவிந்து. நம்ம ஆளுங்க எல்லாரையும் எதிர் ஓட்டுப் போடச் சொல்லு."

"என்னப்பா பேசுற? வச்ச மொய்யத் திருப்பி எடுக்கறதா? நாலு பேரு என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

"ஒரு உசுரு போயிடும்டா!"

கெஞ்சிக் கூத்தாடி, அரைமணி நேரத்தில் இருநூறு எதிர் ஓட்டு விழ வைத்தார். தராசு அதையும் பார்த்தது. ஒரே சமயத்தில் இத்தனை எதிர் ஓட்டு விழுந்தால் அது கூட்டுச் சதி. இருநூறையும் தள்ளுபடி செய்து, "திட்டமிட்டுத் தாக்கப்படும் தரமான பதிவு" என்ற பட்டயத்தையும் ஒட்டி, முதல் பந்தியிலேயே முதல் இலையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. வருடக்கணக்காகப் போட்ட மொய் ஓட்டு ஒன்றுகூட அதன் கண்ணில் பட்டதில்லை. உண்மைக்காகப் போட்ட ஓட்டைத்தான் அது கள்ள ஓட்டு என்று பிடித்தது. வைத்திலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பந்தியின் உதவி எண்ணை அழைத்து, இயந்திரக் குரலோடு வெகுநேரம் மல்லுக்கட்டி, ஒருவழியாக ஒரு மனுஷிக் குரல் கிடைத்தது. ரெஜினா என்று பேர் சொன்னாள்.

"முத்திரையை எடுக்கணும்னா குழு கூடிப் பாக்கணும் சார். ரெண்டு வாரம் ஆகும்."

"நாளைக்குக் காலையில எறங்குறாங்கம்மா. அந்த செம்மண் யாருன்னு மட்டும் சொல்லிடு. நான் வண்டியெடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"அது எனக்கே தெரியாது சார். பேரு தெரிஞ்சா வீட்டுக்குப் போய் மிரட்டி ஓட்டு வாங்கறாங்கன்னு மறைச்சு வச்சிட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "உங்க பதிவை முழுசாப் படிச்சவங்க ரெண்டே பேருதான் சார். ஒண்ணு அந்தச் செம்மண். இன்னொருத்தங்க இன்னிக்கு சாயங்காலம் உங்க வீட்டுலேருந்தே படிச்சிருக்காங்க."

"ரெண்டு பேரா? நாலாயிரம் ஓட்டும்மா!"

"கண்ணு எந்த வரியில நிக்குதுன்னு போன் பாக்குதுல்ல சார். மத்தவங்க தலைப்பைக்கூடத் தாண்டல."

"படிக்காத ஓட்டுன்னு தெரிஞ்சுக்கிட்டேவா எண்ணுறீங்க?"

"படிச்சவங்க ஓட்டை மட்டும் எண்ணினா பந்தியில ஒரு இலைகூட விழாது சார். அப்படி ஒரு வாரம் நடத்திப் பாத்தாங்க. தளமே காலியாயிடுச்சு."

அந்தப் பெண்ணுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. தராசு கருத்தைத்தான் தடுக்கும். குடும்பச் சேதியைத் தடுக்காது. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் நேரா உள்ள போயிடும். யாராச்சும் வந்து பொய்னு சொன்னா மட்டும், முத்திரை இருந்தாலும் எடுத்துடும். அதுக்கு மேல எனக்கு வழி தெரியல சார்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அமிர்தம், நான் செத்துட்டேன்னு எழுதிடு."

"வாயக் கழுவுங்க மொதல்ல."

"வெளக்கு எறக்கிப் பாத்தாரு, எரிஞ்சுது, எறங்குனாரு, எழுந்திரிக்கலன்னு எழுது. எழுதுன ஆளே செத்தாத்தான் அந்தாளு நம்புவான். வேற யாரு செத்தாலும் தராசு விடும், ஆனா அவன் நம்பணுமே."

"உசுரோட என் முன்னால உக்காந்திருக்கற மனுசன நான் எப்படிங்க என் கையால...?" தினமும் சாவைப் பார்க்கிறவள்தான். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு அந்தச் சேதியை வெளியே வந்து சொன்னவள்தான். அதெல்லாம் அடுத்தவர் புருஷன்.

"அந்தத் தம்பியும் யாரோ ஒருத்திக்குப் புருசனா இருப்பான்ல" என்றார் வைத்திலிங்கம்.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். விளக்கு கடைசிவரை அணையவில்லை என்பதை மூன்று இடத்தில் எழுதினார்கள். சாவுச் சேதி என்றால் முகவரி இல்லாமல் இருக்காதே என்று வீட்டு முகவரியையும் போட்டார்கள். அனுப்பும் பொத்தானை அமுக்குகிறபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அமுக்கியதும் முதல் காரியமாகப் புருஷன் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

தராசு தடுக்கவில்லை. ஓட்டு ஏறத் தொடங்கியது. அமிர்தவல்லி பெயரில் அவர் வருடக்கணக்காக வைத்த மொய் எல்லாம் திரும்பாமல் கிடந்தது, அவள்தான் ஒரு பதிவுகூடப் போட்டதில்லையே. இப்போது ஒரு பதிவு வந்ததும் கடன்பட்டவர்கள் எல்லோரும் ஓடிவந்து தீர்த்துக்கொண்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் பதிவு முதல் பந்திக்கு வந்து, விளக்குப் பதிவுக்கு நேர் கீழே நின்றது. அதற்கும் முத்திரை விழுந்தது.

பின்னூட்டங்களை அவர் படித்தார். "அருமை சகோதரி, ஓட்டுப் போட்டாச்சு." "சிறப்பான பகிர்வு." "தொடர்ந்து இதுபோல் எழுதுங்கள்." கோவிந்தராசு அவருக்கே போன் செய்தான்.

"என்னப்பா, வீட்டுல ஏதோ பதிவு போட்டிருக்காங்க போல? போட்டுட்டேன் ஓட்டு."

"என்ன எழுதியிருக்கான்னு பாத்தியா கோவிந்து?"

"இனிமேதான். நல்லாத்தான் எழுதியிருப்பாங்க. உனக்கு ஒடம்பு கிடம்பு சொகந்தானே?"

வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சுகம்தான் என்று சொல்லிவிட்டு வைத்தார். தன் கணக்கைத் திறந்து பார்த்தார். அமரர் கணக்கு என்று சாம்பல் நிறத்தில் காட்டிப் பூட்டிக்கொண்டது. செம்மண் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் காலை அமிர்தவல்லி வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ ஒரு வயலில் கயிற்றில் விளக்கு இறங்கிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வைத்திலிங்கத்தை விடவில்லை. போட்ட காபி ஆறிப்போனது. நான் ஒருத்தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டார். அமிர்தவல்லி ஒவ்வொரு தடவை ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதும் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

வெயில் ஏறிய பிறகு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். பெரியவன் கையில் ரோஜா மாலை. சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தான். வைத்திலிங்கம் உள் அறைக்குள் நகர்ந்துகொண்டார். அமிர்தவல்லி கதவைத் திறந்தாள்.

"அம்மா, நான் பேராவூரணிப் பக்கம். பேரு அடைக்கலம். பந்தியில செம்மண்ணுன்னு எழுதுவேன்." அவன் குரல் உடைந்தது. "காலையில போன் முதல் பந்திய வாசிச்சுக்கிட்டே இருந்துச்சு. கயித்தக் கட்டி வெளக்க எறக்கிட்டோம். நின்னு எரியுது. இவன் படியில காலு வச்சுட்டான். அப்பத்தான் நீங்க எழுதுனது வந்துச்சு. இவன்தாம்மா என் தம்பி கருப்பையா. அண்ணன் செத்து இவனக் காப்பாத்திட்டுப் போயிட்டாருன்னு... வந்து விழுந்து கும்பிட்டுட்டுப் போகலாம்னுதான்..."

வைத்திலிங்கம் தாங்கமுடியாமல் வெளியே வந்துவிட்டார். வந்தவர் நேராகப் போய்க் கருப்பையாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது. "இருக்கியாப்பா, இருக்கியா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அடைக்கலத்தின் கையிலிருந்து மாலை நழுவியது.

நடந்ததை அமிர்தவல்லி சொன்னாள். அண்ணன் தம்பி இருவரும் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். கேட்டு முடிந்ததும் அடைக்கலம் வாய்விட்டுச் சிரித்தான், கண்ணைத் துடைத்தான், சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தான்.

"எவ்வளவு நல்ல சேதி! இப்பவே எழுதிடறேன்ணே. அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்காருன்னு ஊருக்கே சொல்லிடறேன்."

வைத்திலிங்கம் சட்டென்று அந்தக் கைபேசியின் மேல் கையை வைத்து மூடினார்.

"வேணாம்ப்பா."

"ஏண்ணே?"

"நான் உசுரோட இருக்கேன்னு நீ எழுதினா, சாவுப் பதிவு பொய்னு தராசு தூக்கிடும். வெளக்குப் பதிவு அப்படியே நிக்கும். இன்னிக்கு இன்னொரு ஊர்ல இன்னொருத்தன் கிணத்துல கயித்தக் கட்டிக்கிட்டு நிப்பான்."

"முத்திரைய எடுக்கச் சொல்லலாம்லண்ணே?"

"எழுதுனவனேதான் மனு குடுக்கணும். செத்தவன் எப்படிப்பா மனு குடுக்கறது? உசுரோட இருக்கேன்னு வந்து நின்னாத்தான் வாங்குவாங்க. வந்து நின்ன அன்னிக்கே சாவுப் பதிவு போயிடும். குழு கூட ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரத்துல எத்தனை கிணறு?"

இதைச் சொல்லும்போதுதான் அவருக்கே அது முழுதாகப் புரிந்தது. இனி அவர் ஒரு வரி எழுத முடியாது. ஒருவருக்கும் ஓட்டுப் போட முடியாது. காவிரிக்கரையான் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அந்த விளக்குப் பதிவு மேலே இருக்கும்வரை அவர் கீழே செத்துக் கிடந்தாக வேண்டும். பூட்டைச் செய்தவர்கள் யாரோ, சாவியை எறிந்தது அவரேதான். அடைக்கலம் கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"காவிரிக்கரையான் வீடு இதுதாங்களா?" என்று வயதான ஆண் குரல் கேட்டது. "மன்னார்குடியிலேருந்து வர்றேங்க. சேதியப் படிச்சேன்."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அமிர்தவல்லி குனிந்து மாலையை எடுத்தாள். வைத்திலிங்கம் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அமிர்தவல்லி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழ வேண்டுமே என்று அவள் பாடுபட வேண்டியிருக்கவில்லை, விசும்பல் உண்மையாகவே கேட்டது.

"மனசத் தேத்திக்கங்கம்மா" என்றது அந்தக் குரல். "நான் ரிட்டயர்டு ஆளு. எனக்குப் பொழுது போறதே அவரு எழுத்துலதான் போச்சு. ஆரம்பத்துலேருந்து அவரு எழுதுன ஒண்ணையும் விட்டதில்லம்மா நான். எல்லாத்தையும் வரி விடாமப் படிச்சிருக்கேன்."

உள்ளே வைத்திலிங்கத்தின் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. விளக்குப் பதிவை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர் என்று ரெஜினா சொல்லியிருந்தாள். இந்தக் கிழவர் அந்த இருவரில் இல்லை. ஆனால் அது அந்த ஒரு பதிவுக்குத்தானே? மற்றவற்றைப் படித்திருக்கலாம் இல்லையா? இல்லை, சாவு வீட்டில் எல்லோரும் சொல்கிற மரியாதைதானா? வெளியே போய் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். எந்தப் பதிவுங்க ஐயா? உங்களுக்குப் பிடிச்சது எது?

வெளியே கிழவர் மூக்கை உறிஞ்சினார். "இனிமே யாரு எழுதப் போறாங்க அந்த மாதிரி" என்றார்.

தாழ்ப்பாளில் இருந்த கையை வைத்திலிங்கம் மெதுவாக எடுத்துக்கொண்டார்.